கையொப்பத்துக்கு மட்டுமா பணிப்பாளர்?

வருடத்துக்கு ஒரு தடவை கணக்காய்வாளரின் அலுவலகத்திலிருந்து எமது வீடுகளுக்கு ஒரு கோவை வரும். பென்சிலால் புள்ளடி போட்ட இடங்களில் வீட்டுப் பெண்கள் ஒப்பமிடுவார்கள். மனைவி, தங்கை, சில வேளை வயதான உம்மா. என்ன எழுதியிருக்கின்றது என்று அவர்கள் கேட்பதில்லை; நாமும் சொல்வதில்லை. கோவை திரும்பிப் போய்விடும். கம்பனிப் பதிவாளரின் ஏட்டில் அவர்கள் பணிப்பாளர்கள். கடையில் அவர்களுக்கு ஒரு கதிரை கூடக் கிடையாது.

கம்பனித் தலைமையில் பெண்கள் என்று பேச்செடுத்தால் அது கொழும்பின் மாடிக் கட்டடங்களுக்குரிய விடயம் என்று எமது வியாபாரிகள் நினைக்கின்றனர். சூழல் பாதுகாப்பு என்றால் அரச சார்பற்ற நிறுவனங்களின் கருத்தரங்குக் கதை என்கின்றனர். இலாபம் மட்டுமே நமது விடயம். நானும் பல வருடங்கள் இப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புபட்டவை என்பது நட்டப்பட்ட பின்னர்தான் எனக்கு விளங்கியது. அந்த நட்டக் கணக்கை இங்கே எழுதுவதில் வெட்கமில்லை. வேறு ஒருவருக்கு அது மிச்சமானால் நன்மையே.

12 இலட்சம் ரூபாப் பாடம்

வாப்பா எமக்கு விட்டுச் சென்றது புறக்கோட்டையில் ஒரு பொதியிடல் சாமான் கடை. லஞ்ச் ஷீட், சிலிசிலி பேக், ரெஜிபோம் பெட்டி, கயிறு, டேப் எல்லாம் மொத்த விலைக்குக் கொடுப்போம். வாப்பா மௌத்தான பிறகு வியாபாரத்தைக் கம்பனியாகப் பதிந்தபோது என்னோடு எனது தங்கையும் பணிப்பாளரானார். அவர் கணக்கியல் படித்தவர். பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு வீட்டிலிருந்தே கடன் புத்தகத்தையும் வங்கிக் கூற்றுகளையும் சரிபார்த்துத் தருவார். ஆனால், என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்ற தீர்மானத்தில் அவருக்குப் பங்கு இருக்கவில்லை. அது ஆண்களின் வேலை என்று நான் சொல்லவுமில்லை. அப்படித்தான் நடந்து வந்தது.

2007 ஜனவரியில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் தடை செய்யப்பட்ட நாளிலிருந்தே தங்கை ஒரு விடயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார். "நானா, இந்தச் சாமான்ல இனிக் காலம் முழுக்க ஓட ஏலாது. இன்டைக்கு மெல்லிசத்த நிப்பாட்டினவங்க நாளைக்கு மத்ததயும் நிப்பாட்டுவாங்க." சட்டம் வந்தது, ஆனால் சந்தையில் எதுவும் நிற்கவில்லை. ஆகவே அவர் சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து வீடுகள் புதையுண்டன. 30 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அன்றிரவு தங்கை தொலைபேசியில், புதிதாக லஞ்ச் ஷீட் எடுக்க வேண்டாம், இருப்பதை விற்றுத் தீர்க்கும்படி சொன்னார். குப்பை மேடு சரிந்ததற்கும் நமது கடைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஒரு விநியோகத்தர் என்றுமில்லாத கழிவுக்கு லஞ்ச் ஷீட் தருவதாகச் சொன்னார். ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்காமல் களஞ்சியம் நிறைய இறக்கினேன். ஜூலையில் தடை பற்றிய அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 1 ஆம் திகதி லஞ்ச் ஷீட், ரெஜிபோம் உணவுப் பெட்டி, ஷொப்பிங் பேக் ஆகியவற்றுக்கான தடை சட்டமாகியது. சில மாத அவகாசம் கிடைத்தாலும் வாங்குவோர் கையை விரித்தனர். வாங்கிய விலையில் பாதிக்கும் போகாத சரக்கு, கொடுத்த செக்குகள், வங்கி மேலதிகப் பற்றின் வட்டி எல்லாம் சேர்ந்து 12 இலட்சம் ரூபா கைநட்டம். அதைவிடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. அந்த வங்கிக் கடனுக்குத் தங்கையும் ஒப்பமிட்டிருந்தார். வேண்டாம் என்று சொன்னவரும் அவரே. கடனுக்குப் பொறுப்பாளியும் அவரே.

அந்த வருட இறுதியில் ஒப்பத்துக்கான கோவையை நான் கொண்டு போனபோது அவர் ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். அரை மணி நேரம் எடுத்தது. பிறகு, "நானா, இனி வாசிக்காம நான் சைன் பண்ண மாட்டன்" என்றார். அல்ஹம்துலில்லாஹ், எமது வியாபாரத்தின் உண்மையான முதலாவது பணிப்பாளர் சபைக் கூட்டம் அதுதான்.

அதன் பின்னர் மாதத்துக்கு ஒரு முறை நாம் இருவரும் உட்கார்ந்து பேசுகின்றோம். எந்தச் சரக்கு எத்தனை நாளாகக் கிடக்கின்றது, யார் எவ்வளவு தர வேண்டும், அடுத்து எந்தச் சாமானுக்குத் தடை வரலாம் என்பன மூன்று கேள்விகள். மூன்றாவது கேள்வி தங்கையினுடையது. படிப்படியாகக் கடதாசிப் பை, காட்போட் பெட்டி என்று மாறினோம். 2021 இல் சிறிய செஷே பக்கற்றுகளுக்கும், 2023 ஒக்டோபர் 1 முதல் ஒரு முறை பாவிக்கும் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கோப்பை, கரண்டி, இடியப்பத் தட்டு போன்றவற்றுக்கும் தடை வந்தபோது எமது களஞ்சியத்தில் அவை எதுவும் தேங்கியிருக்கவில்லை. 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் ஷொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்க முடியாது, விலையைப் பற்றுச்சீட்டில் காட்ட வேண்டும் என்ற விதி வந்தபோதும் நாம் பதறவில்லை.

தங்கை சொன்னதெல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 2022 இல் டொலர் இரண்டு மாதங்களில் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியபோது கடதாசி விலையும் வானத்துக்கு ஏறியது. விலை இன்னும் ஏறும் என்று உச்ச விலையில் கடதாசி வாங்கச் சொன்னவர் தங்கைதான். அதில் எமக்கு நட்டம். ஆனால் அது இருவரும் கணக்குப் பார்த்து, பேசி எடுத்த தீர்மானம். எவ்வளவு இழக்க நேரிடும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம். அதனால் கடை ஆடவில்லை. 2017 நட்டத்துக்கும் 2022 நட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

உலகம் என்ன சொல்கின்றது?

ஒரு கடையின் கதையை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆகவே பெரிய ஆய்வுகளைத் தேடி வாசித்தேன்.

அமெரிக்காவின் பீட்டர்சன் நிறுவகம் 91 நாடுகளைச் சேர்ந்த 21,980 கம்பனிகளை ஆராய்ந்து 2016 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தலைமைத்துவத்தில் பெண்களே இல்லாத கம்பனியோடு ஒப்பிடும்போது 30 சதவீதம் பெண்கள் உள்ள கம்பனியின் தேறிய இலாப வீதம் ஒரு சதவீதப் புள்ளி அதிகம் என்று அது கண்டது. எமது பாஷையில் சொன்னால், 100 ரூபா விற்பனையில் 6 ரூபா 40 சதம் மிஞ்சிய இடத்தில் 7 ரூபா 40 சதம் மிஞ்சுகின்றது. வியாபாரம் தெரிந்தவருக்கு அந்த ஒரு ரூபாவின் பெறுமதி தெரியும். இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம், பிரதம நிறைவேற்று அதிகாரி பெண்ணாக இருப்பதனால் மட்டும் பெரிய வித்தியாசம் காணப்படவில்லை என்பதாகும். கொள்வனவு, கணக்கு, விற்பனை ஆகியவற்றைக் கையில் வைத்திருக்கும் முகாமையாளர் மட்டத்தில் பெண்கள் இருப்பதே கூடுதலான பயனைத் தந்தது.

சூழல் விடயத்திலும் ஆய்வுகள் உள்ளன. அமெரிக்காவின் 1,500 பெருங் கம்பனிகள் அடங்கிய சுட்டியை வைத்து நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஓர் ஆய்வு, பணிப்பாளர் சபையில் பெண்கள் கூடுதலாக உள்ள கம்பனிகள் மீது சூழல் சட்ட மீறல் வழக்குகள் குறைவு என்று காட்டியது. சூழல், சமூகப் பொறுப்பு, நல்லாட்சி ஆகியவற்றுக்கும் இலாபத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய 2,000 க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்த 2015 ஆம் ஆண்டுத் தொகுப்பு, அவற்றில் ஏறத்தாழ 90 சதவீதமானவை பாதகமான தொடர்பு எதையும் காணவில்லை என்கின்றது. சூழலைப் பார்த்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயத்துக்கு இதுவே பதில்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 140 ஆய்வுகளை ஒன்று சேர்த்த 2015 ஆம் ஆண்டின் இன்னொரு தொகுப்பு, பணிப்பாளர் சபையில் பெண்கள் இருப்பதற்கும் கணக்கு ரீதியான இலாபத்துக்கும் உள்ள தொடர்பு சாதகமானதே என்றாலும் சிறியது, பங்குச் சந்தைப் பெறுமதியோடு அனேகமாகத் தொடர்பே இல்லை என்று கண்டது. நோர்வேயில் 2003 இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் பொதுக் கம்பனிகளின் பணிப்பாளர் சபையில் குறைந்தது 40 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்றது. அதனால் கம்பனிகளின் பெறுமதி குறைந்தது என்று 2012 இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் அதே விடயத்தை மீண்டும் ஆராய்ந்தவர்கள் அப்படிப் பாதிப்பு எதுவும் இல்லை என்றனர். நன்றாக நடக்கும் கம்பனிகள்தாம் பெண்களுக்கு இடம் கொடுக்கின்றனவோ என்ற கேள்வியும் உண்டு. ஆகவே பெண்ணைப் பணிப்பாளராக்கினால் மறுநாளே இலாபம் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எண்ணிக்கைக்காகக் கதிரையில் உட்கார வைப்பது வேறு. கணக்கைக் காட்டி, பேச விட்டு, சொன்னதைக் கேட்பது வேறு.

போத்தல் வாங்கக் காசில்லாதவர்

சிறு வியாபாரிகளான எமக்குப் பொருத்தமான உதாரணம் ஒன்று உண்டு. 1976 இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அனிட்டா ரொடிக் என்ற பெண் 4,000 பவுண் கடனில் ஒரு சிறிய அழகுசாதனக் கடையைத் திறந்தார். அதுவே பொடி ஷொப். போதிய போத்தல்கள் வாங்க அவரிடம் பணமிருக்கவில்லை. ஆகவே வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டு வந்தால் நிரப்பித் தருவதாக வாடிக்கையாளரிடம் சொன்னார். சுவரின் ஈரக் கறையை மறைக்கப் பச்சை நிறம் பூசினார். சிக்கனத்துக்காகச் செய்தது பின்னர் உலகமே அறிந்த வியாபார அடையாளமாகியது. 2006 இல் அக் கம்பனி 652 மில்லியன் பவுணுக்கு லோரியலிடம் விற்கப்பட்டது. அதன் பிறகு கைமாறிக் கைமாறி 2024 பெப்ரவரியில் அதன் பிரித்தானியப் பிரிவு நிர்வாகிகளின் கைக்குப் போனது. நல்ல பெயரும் பச்சை நிறமும் மட்டும் ஒரு வியாபாரத்தைக் காப்பாற்றாது என்பது இதன் இரண்டாவது பாடமாகும்.

நமது நாட்டிலும் உதாரணங்களுக்குக் குறைவில்லை. போரா சமூகத்தைச் சேர்ந்த ஷெய்க் ஹஸனலி ஈஸுபலி 1948 இல் மருந்து வியாபாரமாக ஆரம்பித்த ஹேமாஸ் கம்பனி, 2020 இல் கஸ்தூரி செல்லராஜா வில்சனைத் தனது குழுமப் பிரதம நிறைவேற்று அதிகாரியாக்கியது. பங்குச் சந்தையில் பதிவு பெற்ற பெருங் குழுமம் ஒன்றுக்கு இந்நாட்டில் அப்பொறுப்பை ஏற்ற முதற் பெண் அவர். 2024 வரை, அதாவது கொவிட் காலத்தையும் பொருளாதார நெருக்கடியையும் கடந்து அவர் அக்குழுமத்தை வழிநடத்தினார். ஒரு குடும்ப வியாபாரம் தனது குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் வெளியிலிருந்து, தகுதியை மட்டும் பார்த்து ஒரு பெண்ணிடம் சாவியைக் கொடுத்தது என்பதை எமது குடும்ப வியாபாரிகள் கவனிக்க வேண்டும்.

அதேபோல் அஷ்ரப் ஓமர் தலைமையில் வளர்ந்த பிராண்டிக்ஸ், சீதுவையிலிருந்த தனது பழைய ஆடைத் தொழிற்சாலை ஒன்றைத் திருத்தியமைத்து 2008 இல் அமெரிக்கப் பசுமைக் கட்டட சபையின் பிளாட்டினம் தரச் சான்றிதழைப் பெற்றது. மின்சாரமும் தண்ணீரும் பெருமளவு மிச்சமாகியதோடு, வெளிநாட்டுக் கொள்வனவாளர்களின் நம்பிக்கையும் கிடைத்தது. ஆனால் எமது ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் இருப்போரில் பெரும்பாலானோர் பெண்கள். மேல் மாடிக்குப் போகப் போக அவர்களின் தொகை குறைந்துவிடுகின்றது. பல்கலைக்கழகங்களில் அரைவாசிக்கு மேல் பெண் பிள்ளைகள். தொழிற்படையிலோ, வேலை செய்யும் வயதுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவில்தான் இருக்கின்றனர். படிக்க வைத்த செலவு எமது. அதன் பயனை எடுக்காமல் விடுவதும் நாமே.

மார்க்கம் தடையா?

இதை எழுதும்போது சில சகோதரர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் ஒன்றை மட்டும் நினைவூட்ட விரும்புகின்றேன். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவின் பெரும் வணிகர். தமது சரக்கைச் சிரியாவுக்குக் கொண்டு செல்ல நம்பிக்கையான ஒருவரைத் தேடி, முஹம்மத் (ஸல்) அவர்களைத் தெரிவு செய்தார்கள். கூடவே தமது பணியாளர் மைஸராவையும் அனுப்பினார்கள். பயணம் முடிந்ததும் கணக்கையும், நடந்தவற்றையும் கேட்டறிந்தார்கள். ஆளைத் தெரிவு செய்வது, பொறுப்புக் கொடுப்பது, அறிக்கை கேட்பது, தீர்மானிப்பது ஆகிய நான்கும் இதில் உண்டு. இன்று முகாமைத்துவக் கல்லூரிகளில் கற்பிப்பதும் இதைத்தான். கண்ணியமும் வரையறையும் பேணி, வீட்டிலிருந்தோ கடையின் அலுவலக அறையிலிருந்தோ இதைச் செய்ய வழியுண்டு. எனது தங்கை இன்றும் பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் செய்கின்றார்.

வீண்விரயத்தை மார்க்கம் எவ்வளவு கண்டிக்கின்றது என்பதை ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்கின்றோம். ஆனால் கடைக்கு வந்ததும் ஐந்து கிராம் சாமானுக்கு ஒரு பேக், அந்தப் பேக்குக்கு மேல் இன்னொரு பேக் என்று கொடுக்கின்றோம். 2022 ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறிய பிறகுதான் பகலில் எரியும் மின்குமிழ்கள் எத்தனை என்று பல கடைகளில் எண்ணினார்கள். வீட்டு மின் கட்டணத்தை மாதா மாதம் பார்த்துப் பிள்ளைகளை ஏசும் பெண்களிடம் கேட்டிருந்தால் அதற்கு முன்னரே சொல்லியிருப்பார்கள்.

சூழல் என்ற பெயரில் கணக்குப் பார்க்காமல் குதிப்பதும் ஆபத்தே. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் தடை செய்து, விளைச்சல் வீழ்ந்து, அதே வருட இறுதியில் தடையை நீக்கிய கதை நாமறிந்தது. சூழலையும் பார்க்க வேண்டும். கடனையும் வட்டியையும் கால அவகாசத்தையும் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

பெரிய செலவில்லாமல் இந்த மாதமே தொடங்கக்கூடிய சில காரியங்களைச் சொல்கின்றேன்.

முதலாவது, உங்கள் கம்பனியில் பணிப்பாளராக உள்ள பெண்ணுக்கு அவர் எதற்கு ஒப்பமிடுகின்றார் என்பதை விளக்குங்கள். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பணிப்பாளர் ஆணா பெண்ணா, கடைக்கு வந்தாரா இல்லையா என்று பார்ப்பதில்லை. கடமை எல்லோருக்கும் ஒன்றே. ஒன்றும் தெரியாத ஒருவரைக் கடனுக்குப் பொறுப்பாக்குவது அமானிதத்துக்கும் பொருத்தமானதல்ல.

இரண்டாவது, மாதத்துக்கு ஒரு மணி நேரம் அவரோடு கணக்கைப் பாருங்கள். தேங்கிய சரக்கு, வர வேண்டிய கடன், கொடுத்த செக்குகள் ஆகியன ஒரே தாளில் இருக்கட்டும். அவர் வேண்டாம் என்று சொன்ன விடயத்தைச் செய்வதானால், ஏன் செய்கின்றீர்கள் என்பதை எழுதி வையுங்கள். எழுதும்போதே பாதி அவசரம் அடங்கிவிடும்.

மூன்றாவது, மின்சாரம், தண்ணீர், பொதியிடல், கழிவு ஆகிய நான்குக்கும் வருடத்தில் எவ்வளவு போகின்றது என்று தனித்தனியாகக் கூட்டுங்கள். இலாப நட்டக் கணக்கில் இவை வெவ்வேறு தலைப்புகளில் ஒளிந்து கிடக்கின்றன. ஒன்றாகக் கூட்டியபோது எமது கடையில் அது ஒரு ஊழியரின் வருடச் சம்பளத்தை விட அதிகமாக இருந்தது.

நான்காவது, கணக்கியலோ முகாமைத்துவமோ படித்த மகளோ மருமகளோ இருந்தால், கொள்வனவுத் தீர்மானங்களில் அவரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். மகன் கடையில் நின்று பிழை விட்டுத்தான் வியாபாரம் பழகினான். மகளுக்கும் பிழை விட இடம் கொடுங்கள்.

வாப்பா கடையை எமது இருவரின் பெயரிலும்தான் விட்டுச் சென்றார். பத்து வருடங்களுக்கு மேல் அதில் ஒருவரின் புத்தியை மட்டும் பாவித்தேன். சென்ற வருடக் கோவை வந்தபோது தங்கை வாசித்து முடிக்கும் வரை நானும் பக்கத்திலிருந்து வாசித்தேன். எனக்கு விளங்காத இரண்டு இடங்களை அவர்தான் சொல்லித் தந்தார். எமது வியாபாரத்திலும் சம்பாத்தியத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.